புது டெஸ்க்டாப்பில் கேம் திணறுது, திரை கறுக்குது, நெட் அறுந்துபோகுது: ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து வாங்கியிருக்கிறீர்கள். இன்டெல் ஐ5 12400, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிய 1 டிபி ஹார்ட் டிஸ்க், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிப்பது), விண்டோஸ் 11. கேம் திணறித் திணறி ஓடுகிறது. மானிட்டர் அவ்வப்போது ஓரிரு நொடி கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது, செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டவே இல்லை. போனில் 90 எம்பிபிஎஸ் வருகிற அதே வைஃபை, ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிள் மாட்டிய கம்ப்யூட்டரில் 25, 30-ஐத் தாண்டவில்லை, நடுநடுவே அறுந்தும் போகிறது. கடைக்காரர் "விண்டோஸை ஃபார்மட் போடுங்க" என்கிறார், நண்பர் "கார்டு போயிடுச்சு" என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இருக்கும் பயமும் புரிகிறது: கெட்ட சாமானைத் தலையில் கட்டிவிட்டார்களா, மாற்றித் தருகிற நாள் தாண்டுவதற்குள் கடையில் போய் நிற்க வேண்டுமா, இல்லை வீட்டில் உட்கார்ந்தே சரிசெய்துகொள்ளலாமா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் ரொம்ப வருடமாக இருப்பவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன். மூன்று தொல்லைக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று தேட வேண்டாம். பெரும்பாலும் மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்தான் இருக்கும். மிஷின் ஒரே நாளில் வந்ததால் தொல்லையும் சேர்ந்தே வந்த மாதிரி தெரிகிறது. புது மிஷினில் பார்ட்டே கெட்டு வருவது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் எங்களிடம் வருகிற புது மிஷின் புகார்களில் பாதிக்கு மேல் கேபிள், போர்ட், செட்டிங், டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) என்று முடிந்துவிடும். அதனால் மலிவான சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் சண்டைக்குப் போகலாம்.

ஃபார்மட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். புது விண்டோஸ் இருக்கிற மிஷினில் மறுபடி விண்டோஸ் போட்டால் கிடைக்கப்போவது அதே புது விண்டோஸ்தான்; தப்பான போர்ட்டில் செருகிய கேபிள் ஃபார்மட் போட்டால் இடம் மாறிவிடாது. அதோடு, இதுவரை என்னென்ன நடந்தது என்று விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் பதிவெல்லாம் அழிந்துபோகும், அதுதான் உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஒரு பக்கம் திறக்கும். அதையும், ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியையும் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்று இருந்தால் மிஷின் ஒழுங்காக மூடப்படாமல் கரண்ட் போன மாதிரி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்ப்ளே 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் மயங்கி விழுந்து எழுந்திருக்கிறது. கார்டுக்கு விண்டோஸ் கொடுக்கிற அவகாசம் 2 நொடி, அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் தானே இறக்கி மறுபடி ஏற்றும், அந்த நேரத்தில் திரை கறுக்கும். டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் வரிசையாகப் பிழைகள் இருந்தால் ஹார்டுவேரே புகார் கொடுக்கிறது, அதை லேசாக எடுக்கக் கூடாது. இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுந்து கேபினட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மேல்பக்கம், யுஎஸ்பி, ஆடியோ ஜாக் எல்லாம் இருக்கிற பட்டையில் நெட்டுக்குத்தாக ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே தள்ளி, படுக்கைவாட்டில் மூன்று நான்கு துளைகள் ஒரே வரிசையில் இருக்கும், அவைதான் 3060 கார்டினுடையவை. உங்கள் ஐ5 12400 பெயரில் கடைசியில் எஃப் என்ற எழுத்து இல்லை. அதாவது சிபியூவுக்குள்ளேயே யுஎச்டி 730 என்ற சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. எஃப் வகையாக இருந்திருந்தால் மேல் துளையில் செருகினால் படமே வந்திருக்காது, உடனே தெரிந்திருக்கும். உங்களுக்குப் படம் வரும், யூடியூப் ஓடும், எல்லாம் சரி என்றே தோன்றும், கேம் போட்டால் மட்டும் நொண்டும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்த கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால், கார்டு வரைந்த ஒவ்வொரு படத்தையும் சிபியூவின் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றி வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஜிபியூ 0, ஜிபியூ 1 இரண்டில் எது வேலை செய்கிறது என்று பாருங்கள். இன்டெல் பெயர் போட்டது 100 சதவீதம் தொட்டு, என்விடியா பெயர் போட்டது 0-வில் தூங்கினால், உங்கள் முதல் புகார் அங்கேயே தீர்ந்தது.

60 ஹெர்ட்ஸ் மட்டும் காட்டுவதும் இதோடு சேர்ந்த சங்கதியாக இருக்கலாம், ஆனால் இதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, போர்ட் பழைய தரம். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பி படத்தை 120 ஹெர்ட்ஸ் வரைதான் தாராளமாகத் தாங்கும், மலிவு விலை மதர்போர்டுகளில் இன்னமும் அந்தத் தரம் வருகிறது. இரண்டு, கேபிள்: வீட்டில் செட்டாப் பாக்ஸில் கிடந்த பழைய எச்டிஎம்ஐயை எடுத்து மாட்டியிருந்தால் அதுவே தடை. மூன்று, டிரைவரே ஏறவில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்பதன் கீழே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கார்டுக்கான நிஜ டிரைவர் இன்னும் போடப்படவில்லை, அதில் 60-க்கு மேல் எதிர்பார்க்கவே கூடாது. மூன்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம்: மானிட்டர் பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதை எடுத்து, கார்டின் படுக்கைவாட்டு வரிசையில் செருகி, என்விடியா தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே 165-க்கு மாற்றுங்கள். விண்டோஸ் பல சமயம் தானாக மாற்றாது. 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வருடக்கணக்கில் 60-லேயே ஓட்டியவர்கள் எவ்வளவோ பேர்.

அடுத்தது திரை கறுப்பது. இதுதான் உங்கள் மூன்று புகாரில் சிக்கலானது, நண்பர் கார்டின் மேல் சந்தேகப்பட்டதும் இதனால்தான் இருக்கும். கறுக்கிற அந்த இரண்டு நொடியில் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். திரை கறுத்தபோதும் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடினால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, சிக்னல் மட்டும் மானிட்டருக்குப் போகும் வழியில் அறுந்திருக்கிறது. பாட்டும் சேர்ந்து இழுத்து நின்று, ஈவன்ட் வியூவரில் அதே நிமிடத்தில் 4101 பதிவாகியிருந்தால் டிரைவரோ கார்டோ காரணம். மானிட்டரின் சின்ன விளக்கே அணைந்து எரிந்தால் மானிட்டரின் அடாப்டரையும் அது செருகியிருக்கிற பாக்ஸையும் பாருங்கள். சிக்னல் அறுவது என்று தெரிந்தால், 165-ஐ 120-க்கு இறக்கி ஒரு நாள் பாருங்கள். கறுப்பது நின்றுபோனால் கேபிள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை, வேறு நல்ல கேபிள் வாங்கினால் போதும். மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்பதை அணைத்தும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், சில மானிட்டர்களில் அதுவும் சிமிட்டலுக்குக் காரணமாகும்.

இதில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்று: வீட்டு வயரிங். ஒரு வீட்டில் இதே புகார், கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள், மானிட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா வந்து சீலிங் ஃபேன் சுவிட்சைப் போட்டார், திரை டக்கென்று கறுத்து வந்தது. அணைத்தார், மறுபடி கறுத்தது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் ஒரு கன்வர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தார்கள், எர்த் என்பதே இல்லை. சுவிட்ச் போடும்போது உள்ளே தெறிக்கிற பொறி, எர்த் இல்லாத மிஷினிலும் கவசம் சரியில்லாத கேபிளிலும் ஒரு கணம் இரைச்சலாக நுழைகிறது, மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் நீங்களும் வேண்டுமென்றே ஃபேன், டியூப்லைட், மோட்டார் சுவிட்சை எல்லாம் போட்டு அணைத்துப் பாருங்கள். கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை கறுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கிண்டலில்லை, அந்த நாற்காலிகளில் நிலைமின்சாரம் சேர்ந்து விடுபடும்போது டிஸ்ப்ளே கேபிளில் இரைச்சல் ஏறும், இது தெரிந்த விஷயம்தான்.

எர்த் இல்லை என்பதற்கு இன்னொரு அடையாளம், வெறுங்காலோடு நின்று கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைப் புறங்கையால் தொட்டால் ஜிவ்வென்று ஒரு கூச்சம். (சோதனை செய்து பார்க்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே உணர்ந்திருந்தால் அதுதான் காரணம் என்கிறேன்.) எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். எர்த் ஒயர் இருந்தால் கசிகிற அந்தத் துளி கரண்ட் அதில் இறங்கிவிடும், இல்லையென்றால் பாடியிலேயே நிற்கும், 230 வோல்ட் லைனில் கிட்டத்தட்ட பாதி, 115 வோல்ட் அளவுக்கு மீட்டரில் காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சாதாரணமாக ஆளை அடிக்காது, ஆனால் டிஸ்ப்ளே, யுஎஸ்பி, லேன் எல்லாவற்றிலும் விநோதமான தொல்லையெல்லாம் வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல பழைய வீடுகளில் மேல் துளை வெறும் துளைதான்.

அடுத்து, கேம் திணறல். கேபிளை மாற்றியபின்னும் திணறினால், முதலில் அது எந்த வகைத் திணறல் என்று பிரிக்க வேண்டும், ஏனென்றால் 'லேக் ஆகுது' என்ற ஒரே வார்த்தையில் மூன்று வெவ்வேறு நோய்களைச் சொல்கிறோம். விண்டோஸ் கீயும் ஜி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் கேம் பாரில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது தெரியும். எஃப்பிஎஸ் எப்போதுமே குறைவாக இருந்தால் அது கார்டு, செட்டிங் சங்கதி. எஃப்பிஎஸ் நன்றாக இருந்து, திடீர் திடீரென்று அரை நொடி நின்று ஓடினால் அது டிஸ்க், ரேம், சூடு அல்லது டிரைவர். எஃப்பிஎஸ் நிலையாக இருக்கும்போதே எதிராளி குதித்துக் குதித்து நகர்ந்தால் அது நெட். கம்ப்யூட்டரை எவ்வளவு நோண்டினாலும் சரியாகாது. புதிதாகப் போட்ட கேமில் முதல் ஓரிரு தடவை ஒவ்வொரு புது இடத்துக்கும் ஒரு வெட்டு வெட்டுவது ஷேடர்களை (காட்சியை வரையக் கார்டுக்குத் தேவையான குட்டி நிரல்கள்) தயாரித்துக்கொள்வதால், அது தானாகக் குறையும்.

அரை நொடி நிற்கிற வகையில் நான் முதலில் சந்தேகப்படுவது நீங்கள் மாட்டிய அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை. கேமை அதில்தானே போட்டிருக்கிறீர்கள்? 500 ஜிபி எஸ்எஸ்டியில் இடம் போதாது என்று எல்லோரும் செய்வதுதான். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, படிக்கிற வேகம் மட்டும் 1, 2 எம்பியில் நின்றால், டிஸ்க் ஏதோ ஒரு இடத்தைப் படிக்கமுடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அது நீலத்தில் குட் என்று சொல்கிறதா, மஞ்சளில் காஷன் என்று சொல்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் அன்றைக்கே குடும்பப் போட்டோக்களை வேறு எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள், கேம் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாகப்போகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா மாட்டியிருந்தாலே ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறப்பது முதல் எல்லாம் நின்று நின்று ஓடும். ஒரு நாள் அதன் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு (மிஷினை அணைத்தபின்) ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

ரேம் பற்றிச் சுருக்கமாக. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் 3200 என்று காட்ட வேண்டும், நீங்கள் வாங்கியது 3200 ரேம் என்றால். 2133, 2400, 2666 என்று காட்டினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை ஆன் செய்யவில்லை. போர்டில் நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் சிபியூ பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இரண்டு ரேமும் இருக்க வேண்டும். அடுத்தடுத்து மாட்டியிருந்தால் இரண்டும் ஒரே சேனலில் (சிபியூவுக்குப் போகும் பாதை) போய் வேகம் அடிபடும். இரண்டு ஸ்லாட் போர்டு என்றால் இந்தக் கவலையே இல்லை.

சூட்டைக் கட்டாயம் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, அரை மணி நேரம் கேம் ஆடிவிட்டு, சிபியூவின் அதிகபட்ச வெப்பத்தைப் பாருங்கள். 70-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை, நம்ம ஊர் வெயிலில் 80 தொட்டாலும் பரவாயில்லை. 100 என்று இருந்தால் சிபியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகவேண்டியது சட்டென்று கீழே இறங்கும், அந்த இறக்கம்தான் உங்களுக்குத் திணறலாகத் தெரியும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு, எதிரெதிர் மூலையாக அழுத்தி 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். அவசரத்தில் அசெம்பிள் செய்யும்போது ஒரு கால் மட்டும் சரியாக இறங்காமல் நின்றுவிடும், கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கேபினட்டின் வலப்பக்கத் தகட்டைக் கழற்றி மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: நான்கு துளையிலும் வெள்ளை நுனி விரிந்து அதன் நடுவே கறுப்பு முனை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், எதில் கறுப்பு தெரியவில்லையோ அந்தக் கால்தான் குற்றவாளி. கூலரை ஒரு தடவை கழற்றிவிட்டால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும். வெளிக்கூலர் வாங்கியிருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாளை உரித்தார்களா என்றும் பார்க்க வேண்டும், சிரிக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 3060 கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும், உங்கள் சிபியூ முழுவேகத்தில் 117 வாட் வரை போகலாம், அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். கேபினட்டோடு இலவசமாக வரும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 500 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நான் நம்ப மாட்டேன். ஆனால் எஸ்எம்பிஎஸ் போதாமல் போனால் வழக்கமாகத் திணறல் வராது, கேம் நடுவே மிஷின் படக்கென்று அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், 41 பதிவாகும். உங்களுக்கு அப்படி நடந்ததாக எழுதவில்லை, அதனால் அதை இப்போதைக்கு ஓரமாக வைக்கலாம். கார்டுக்குப் போகிற 8 பின் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறதா, பழைய மோலக்ஸ் கனெக்டர் இரண்டைச் சேர்த்து ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், ஒட்டு என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய 600 விஏ யுபிஎஸ்ஸிலேயே இதையும் மாட்டியிருந்தால், அவற்றில் பெரும்பாலானவை 360 வாட் அளவுதான் தாங்கும். கேம் ஆடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் கூடவே கீச்சிட்டுப் படுத்துவிடும், மிஷின் மேல் பழி போடக் கூடாது.

இனி நெட். இதில் எனக்குச் சந்தேகம் குறைவு, டாங்கிள்தான். நகத்தளவு இருக்கும் அந்த மலிவு டாங்கிள்களில் 150 எம்பிபிஎஸ் என்று எழுதியிருக்கும். ஒற்றை ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ், அதில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் காலியாகக் கிடைத்தால் வருகிற காகித வேகம் அது. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் மொய்க்கும்போது கிடைப்பது 20 மெகாஹெர்ட்ஸ், அதன் காகித வேகம் 72, கையில் வருவது அதில் பாதியோ அதற்கும் கீழோ. உங்கள் 25, 30 கணக்குக்குச் சரியாக வந்துவிட்டது. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இணைவதால் 90 காட்டுகிறது. இதற்கு மேல் டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்றும் பார்க்க வேண்டும். கேபினட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரும்புத் தகட்டின் மறைவில், நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில், பக்கத்தில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் இருந்தால் இதைவிட மோசமான இடம் கிடையாது. யுஎஸ்பி 3 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் பரப்பும் என்று 2012-லேயே இன்டெல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேசை மேலே கொண்டுவந்தாலே அறுந்துபோவது பாதி குறையும்.

காசு செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் இருக்கும்போதே யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். பெரும்பாலான போன்களில் போன் வைஃபையை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். டாங்கிளைக் கழற்றிவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். 80, 90 வந்தால் விண்டோஸும் மதர்போர்டும் குற்றமற்றவை, 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற அடாப்டர் வாங்கினால் போதும். ரூட்டர் வரை ஒயர் இழுக்க முடிந்தால் அதையும் வாங்க வேண்டாம், லேன் கேபிளே நல்லது. பிற்காலத்தில் 200, 300 பிளானுக்கு மாறி, லேனில் சரியாக 94-லேயே வேகம் முட்டி நின்றால், கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடி ஒயரில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது அல்லது ரூட்டரின் அந்தப் போர்ட்டே 100-க்குள்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும் என்பதால் அது சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

அறுந்துபோவது யார் தவறு என்று கண்டுபிடிக்க இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (192.168.1.1 மாதிரி இருக்கும், நெட்வொர்க் செட்டிங்கில் கேட்வே என்று காட்டும்) இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கமாண்ட்) ஓடவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் டைம்டு அவுட் என்றால் வீட்டுக்குள், அதாவது டாங்கிளுக்கும் ரூட்டருக்கும் இடையில் கோளாறு. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே உள்ளது மட்டும் அறுந்தால் லைன்காரரைக் கூப்பிட வேண்டும், ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் அவரிடம் வாதாடவே வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடும், பூஸ்டர் போட்டால் கூடும் என்பதையெல்லாம் காதில் வாங்காதீர்கள். புது விண்டோஸ் முதல் சில நாள் பின்னணியில் அப்டேட் இறக்கிக்கொண்டே இருக்கும், அதை முடியவிட்டு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மூன்று தொல்லைக்கும் பொதுவான காரணம் இருக்கவே முடியாதா என்றால், இருக்கலாம். எர்த் கோளாறு ஒன்று. மலிவு டாங்கிளின் டிரைவர் இன்னொன்று: சில டிரைவர்கள் சிபியூவைச் சில மில்லி நொடி பிடித்துவைத்துக்கொள்ளும், அப்போது கேம் வெட்டும், ஆடியோ கரகரக்கும். லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும், ஆனால் அதற்கும் முன்னால் டாங்கிளைப் பிடுங்கிவிட்டு ஆஃப்லைன் கேம் ஒன்றை ஆடிப் பார்ப்பது சுலபம்.

கார்டு கெட்டது என்று நான் எப்போது ஒத்துக்கொள்வேன் என்றால்: வேறு கேபிள், வேறு மானிட்டர், எர்த் சரியான பிளக், புது டிரைவர் இத்தனையும் மாற்றியும் கறுப்பது நிற்காமல் 4101 வந்துகொண்டே இருந்தால், அல்லது விண்டோஸ் வருவதற்கு முன்னால் பயாஸ் திரையிலேயே வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால். ரேம் கெட்டது என்பதற்கு, எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓட்டி ஒரே ஒரு பிழை வந்தாலும் போதும். அப்போது ஃபார்மட் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், வீடியோவும் போட்டோவும் பில்லும் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எத்தனை நாளுக்குள் நேரடியாக மாற்றித் தருவார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், அதை இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொன்னால் ஊகமாகிவிடும். கேபினட் பின்பக்கத்தின் போட்டோ ஒன்று, கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜர் ஒன்று, ஈவன்ட் வியூவரில் திரை கறுத்த நேரத்துப் பதிவு ஒன்று, இந்த மூன்றையும் இங்கே போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் எடுத்துப் போட்டால் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்கிறேன்.